புது பேரிங், பழைய நட்டு
நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: முன் இடது சக்கரத்தில் உறுமல் கேட்டதால் பேரிங் மாற்றினேன். இரண்டே வாரத்தில், வண்டி புறப்படும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் நடுவிலுள்ள ஆக்சில் நட்டு விரலால் சுற்றுகிறது. “இறுக்கிவிட்டேன், இனிப் பயமில்லை” என்கிறார் மெக்கானிக். நம்பி ஓட்டலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஓட்டாதீர்கள்.

எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட், சக்கரம் பூட்டப்படும் ஹப், பேரிங்கின் உள் வளையம் மூன்றையும் சேர்த்து நெருக்கிப் பிடிப்பது அந்த ஒற்றை நட்டுதான். நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கர பேரிங்கின் உள் வளையம் இரண்டு பாதிகளாக இருக்கும். நட்டு தரும் அழுத்தத்தில்தான் அவை ஒட்டி நிற்கின்றன. உள்ளேயிருக்கும் குண்டுகளும் தம் தடத்தில் உருள்கின்றன. நட்டு தளர்ந்தால் வளையங்கள் விலகி, குண்டுகள் தடத்தையே அரித்துவிடும். அந்த நிலையில் நீங்கள் ஓட்டியிருப்பதால் உங்கள் பேரிங் இப்போது புதியது அல்ல. அதைச் சோதிக்காமல் நட்டை மட்டும் இறுக்கித் தருவது வேலையை மூடி மறைப்பது. ஷாஃப்டும் ஹப்பும் கோத்துக்கொள்ளும் பல்வரிசை தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நட்டு தளர்ந்தபின் புறப்படும்போது கேட்கும் ‘டக்’ சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இனி, ஏன் தளர்ந்தது என்பதற்கு வருகிறேன். இதைப் பல முறை எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். நம் பட்டறைகளில் பேரிங்கைப் புதிதாகப் போட்டுவிட்டுக் கழற்றிய பழைய நட்டையே திரும்ப மாட்டும் பழக்கம் ஒழிய வேண்டும். பல கார்களில் அந்த நட்டு ஒரே ஒரு முறை பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் மெல்லிய விளிம்பை ஷாஃப்டில் உள்ள பள்ளத்துக்குள் தட்டி மடக்கிப் பூட்டுவார்கள். ஒரு முறை மடக்கி நிமிர்த்திய விளிம்பு மறுபடி அதே பிடியைத் தராது. சில கார்களில் நட்டுக்குள் நைலான் வளையம் இருக்கும், அதுவும் ஒரு முறைதான். நட்டு கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின் போடும் வகையானால் பின்னாவது புதிதாக இருக்க வேண்டும். பேரிங்குக்கு ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு, அதில் மிகச் சிறு பங்கே விலையுள்ள நட்டில் மிச்சம் பிடிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்டால் “எத்தனையோ வண்டிக்கு இப்படித்தான் போட்டேன்” என்பார்கள். அந்த வண்டிகள் பிறகு என்ன ஆயின என்று அவர்கள் போய்ப் பார்த்ததில்லை.

அடுத்த குற்றவாளி காற்றுத் துப்பாக்கி. இம்பேக்ட் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று முறுக்கிவிட்டால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். எவ்வளவு முறுக்கம் ஏறியது என்று அதைப் பிடித்திருப்பவருக்கே தெரியாது. சிறிய முன்சக்கர இயக்கக் கார்களில் இந்த நட்டுக்குப் பெரும்பாலும் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ முறுக்கம் வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதை, குறித்த முறுக்கம் ஏறியதும் ‘கிளிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சால்தான் வைக்க முடியும். அதுவும் ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, வண்டியின் பாரம் அந்தச் சக்கரத்தில் இறங்குவதற்கு முன்பே வைக்க வேண்டும். நட்டை முறுக்காத பேரிங் மேல் பாரத்தை இறக்கி வண்டியை உருட்டினாலே அது கெடத் தொடங்கும்.

புது நட்டு, சரியான முறுக்கம் இரண்டும் இருந்தும் தளர்ந்ததென்றால் பிழை உள்ளே இருக்கிறது. ஹப்பை, அழுத்திப் பொருத்தும் எந்திரமான பிரஸ்ஸில் கடைசிவரை இறக்காமல் விட்டிருந்தால், ஓட ஓட அது உள்ளே போய் அமரும். அமர்ந்த அளவுக்கு நட்டின் பிடி போய்விடும். பல்வரிசையில் துருவும் மண்ணும் இருந்தாலும் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று பொய் சொல்லும். நட்டுக்கு அடியில் வாஷர் உள்ள மாடலில் அதை மறந்துவிடுவதும் உண்டு. இவை எல்லாம் மெக்கானிக்கின் பொறுப்பு. இரண்டாவது பேரிங்குக்கும் கூலிக்கும் நீங்கள் பணம் தரக்கூடாது.

கேள்வி: ஆடுவது பேரிங்கா வேறு பாகமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முடியும். ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்ட் கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் அல்லது நட்டு. நிற்காவிட்டால், சக்கரப் பகுதியைக் கீழ்க் கையோடு இணைக்கும் மூட்டான பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள்.

கேள்வி: பேரிங் மாற்றிய நாளிலிருந்து ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது. சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பணத்தை எடுக்காதீர்கள். சக்கரத்தின் வேகத்தைச் சென்சர் அறிய உதவும் காந்தப் பட்டை பேரிங்கின் ஒரு பக்க சீலில் உள்ள வகையானால் அந்தப் பக்கம் சென்சரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருப்பார்கள். பிரஸ் செய்த பேரிங்கைக் கழற்றினால் அது கெட்டுவிடும் என்பதால், புதியதை அவர்கள் செலவில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரே பிராண்டு பேரிங்கை ஒரு கடையில் பாதி விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: ஜி.பி. ரோட்டில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. ஆனால் பாதி விலை என்றால் கேள்வி கேட்டாக வேண்டும். எனக்கே பழைய காருக்கு வாங்கிய பேரிங் ஒன்று அச்சு அசலாகப் பிரபல நிறுவனத்தின் பெட்டியில் வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கிரீஸ் வெளியேறி இரைய ஆரம்பித்தது. கடைக்காரர் பெட்டியைக் காட்டி “இதோ ஒரிஜினல்” என்றாரே தவிர, பணத்தைத் திருப்பித் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

பெட்டியையும் ஹாலோகிராமையும் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எஸ்.கே.எஃப்., ஷேஃப்லர் போன்ற நிறுவனங்கள் போலிகளைக் கண்டறிய உதவும் செயலிகளையே வைத்திருக்கின்றன. கடையில் நிற்கும்போதே பயன்படுத்துங்கள். பாக எண் எழுதிய பில் தர மறுக்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: “பில் வேண்டாமென்றால் ஜி.எஸ்.டி. மிச்சம்” என்றார்கள், ஒப்புக்கொண்டேன். இப்போது சக்கரம் மறுபடி உறுமுகிறது. நாங்கள் அந்த வேலையைச் செய்யவே இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: மிச்சமான வரி எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இதே கடிதம் ஊர் பெயர் மட்டும் மாறி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பில் என்பது வேலை செய்தவரைப் பொறுப்பில் நிறுத்தும் ஒரே காகிதம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

உங்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. யு.பி.ஐ. மூலம் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸ்அப்பில் பேசியது, வண்டியை விட்ட நாளில் எடுத்த படம் எல்லாமே சான்றுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. எங்கே புகார் செய்வது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் காருக்கு இரண்டு பேரிங் மாற்றியதாகச் சொல்லி ஒரு பட்டறையில் 9,000 ரூபாய் வாங்கினார்கள். வேறு மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, பேரிங் மாற்றப்படவே இல்லை, கிரீஸ் மட்டும் தடவியிருக்கிறார்கள் என்கிறார். பில் இருக்கிறது. கேட்கப் போனால் “அம்மா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

பதில்: அம்மா, உங்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. அதனால்தான் அவர்கள் அப்படிப் பேசுகிறார்கள்.

இரண்டாவது மெக்கானிக்கிடம் அவர் கண்டதைத் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டு வாங்குங்கள். படம் எடுத்து வையுங்கள். பழைய பாகம் எதையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பிறகு, பணத்தைத் திருப்பித் தர 15 நாள் கெடு வைத்துப் பட்டறைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்கள். பல பட்டறைகள் அந்த நிலையிலேயே இறங்கி வரும்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். இணையம் வழியாகவும் முடியும். நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 9,000 ரூபாயோடு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேளுங்கள். மனு எழுதுவதில் தடை இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: வீடியோ பார்த்து நானே பேரிங் மாற்றலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், ஓசூர்

பதில்: ஹைட்ராலிக் பிரஸ் இல்லையென்றால் வேண்டாம். சுத்தியலால் அடித்து இறக்கிய பேரிங் அன்றே பழுது.

கேள்வி: டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது பயனா, வீணா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பயன்தான், அதிலும் சக்கர நட்டுகளுக்கு. பெரும்பாலான சிறிய கார்களில் அவற்றுக்கு 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை வேண்டும். பஞ்சர் கடையில் போட்ட பிறகு வீட்டில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம். அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனை) உள்ளதாகவும், அளவுத் திருத்தச் சான்றிதழோடு வருவதாகவும் பார்த்து வாங்குங்கள். ஆக்சில் நட்டுக்கும் அதையே பயன்படுத்த எண்ணினால், ரெஞ்சின் உச்ச அளவு உங்கள் காருக்கான எண்ணைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைத்துப் பெட்டியில் போடுங்கள். இறுகிய நட்டைக் கழற்ற அதை ஒருபோதும் எடுக்காதீர்கள். அதற்கு நீளக் கைப்பிடி வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.