வாசகர் கேள்விகள்: கையடக்கக் கணினியில் பழைய கொன்சோல் விளையாட்டுகள்

கேள்வி: என்னிடம் பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்றும் அதற்குரிய அசல் இறுவட்டுகளும் இருக்கின்றன. லென்ஸ் பழுதடைந்ததால் இறுவட்டுகளை அது வாசிப்பதில்லை. ஆகவே ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கணினி ஒன்றை வாங்கி, பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரில் (பழைய கொன்சோலைப் போல இயங்கும் மென்பொருள்) அவற்றை ஓட்டிப் பார்த்தேன். வேகம் 100 வீதம் என்றே திரையில் காட்டுகிறது. ஆனால் காட்சி பக்கவாட்டில் திரும்பும்போது படம் விட்டுவிட்டு நகர்கிறது. இயந்திரத்தின் வலு போதாது என்கிறார் கடைக்காரர். அது உண்மைதானா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. வலு போதாதிருந்தால் வேகம் 100 வீதத்திலிருந்து இறங்கும், இசையும் இழுபடும். உங்கள் இயந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. திரைதான் அதனோடு ஒத்துப்போகவில்லை.

இலங்கையின் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் போலவே பிஏஎல் முறையைப் பின்பற்றியது. அந்த முறைக்கென வெளியான விளையாட்டுகள் நொடிக்கு 50 தடவை படத்தைப் புதுப்பிக்கும் தொலைக்காட்சியை மனதில் வைத்து உருவாக்கப்பட்டவை. அமெரிக்கா, ஜப்பான் பதிப்புகள் பின்பற்றும் என்டிஎஸ்சி முறையில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 60 ஆகும். உங்கள் இறுவட்டின் இலக்கம் எஸ்எல்ஈஎஸ் அல்லது எஸ்சிஈஎஸ் என்று தொடங்கினால் அது பிஏஎல் பதிப்பு; எஸ்எல்யூஎஸ் அல்லது எஸ்சியூஎஸ் என்று தொடங்கினால் அமெரிக்கப் பதிப்பு. நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரையில் 50 படங்களை மட்டும் கொடுத்தால், எஞ்சிய 10 இடங்களையும் நிரப்ப ஒவ்வோர் ஐந்தாவது படமும் இரண்டு தடவை காட்டப்பட வேண்டியிருக்கிறது. காட்சி அசையாதிருக்கையில் இதைக் கண் உணராது. கமரா சீராகத் திரும்பும்போதுதான் நீங்கள் சொல்லும் தடங்கல் வெளிப்படும்.

தீர்வு எளிது. மூன்று புள்ளிகள் கொண்ட பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில், செயல்திறன் பகுதியில் திரையின் புதுப்பிப்பு வீதத்தை 50 ஆக்குங்கள். ஸ்டீம் டெக்கின் எல்சிடி திரையை 40 முதல் 60 வரை எந்த எண்ணிலும் நிறுத்த முடியும் என்பது, நம்மைப் போல பிஏஎல் இறுவட்டுகளைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு மிகப் பெரிய வசதி. அந்த விளையாட்டுகளை அவற்றுக்குரிய தாளத்திலேயே பார்ப்பதில் ஒரு தனி நிறைவு இருக்கிறது. ஆர்ஓஜி அலை (ROG Ally) என்ற கையடக்கக் கணினியை வைத்திருப்பவர்களுக்கு, படம் வரும் வேகத்துக்கு ஏற்பத் திரையே தன்னை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு.

திரையை 60 இலேயே விட்டுவிட்டு, எமுலேட்டரின் அமைப்புகளில் 50 என்பதை 60 ஆக உயர்த்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வாறு செய்தால் விளையாட்டு 20 வீதம் வேகமாக ஓடும். சில பிஏஎல் விளையாட்டுகள் தொடக்கத்திலேயே 60 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை) வேண்டுமா என்று கேட்கும்; அந்தத் தெரிவு இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளேஸ்டேஷன் 2 பெரும்பாலும் 640க்கு 448 புள்ளிகள் என்ற அளவில் படம் வரைந்தது. எமுலேட்டரில் அதை இரண்டு மடங்காக்கினால் 1280க்கு 896 வரும். உங்கள் திரையோ 1280க்கு 800. ஆகவே இரண்டு மடங்கே போதுமானது. நான்கு மடங்குக்கு உயர்த்துவதால் கொழும்பு வெப்பத்தில் விசிறி இரைவதையும் மின்கலம் விரைவாக இறங்குவதையும் தவிரப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

கேள்வி: எமுலேட்டர் பயோஸ் (கொன்சோலைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) கோப்பு ஒன்றைக் கேட்கிறது. இணையத்தில் கிடைப்பதைப் போடலாமா? இறுவட்டுகளை எப்படிப் பிரதி எடுப்பது?
— வாசகர், தெஹிவளை

பதில்: எமுலேட்டரைப் பயன்படுத்துவது குற்றமன்று. சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் மீது தொடுத்த வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று 2000ஆம் ஆண்டில் எமுலேட்டர் தயாரித்தவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. பயோஸ் அப்படிப்பட்டதன்று, அது சோனியின் பதிப்புரிமைக்கு உட்பட்ட மென்பொருள். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருள்களைப் பாதுகாக்கிறது. ஆகவே உங்கள் சொந்த இயந்திரத்திலிருந்தே அதை எடுங்கள். மேலே எழுதிய வெள்ளவத்தை வாசகரைப் போல லென்ஸ் பழுதாகியிருந்தாலும் இது இயலும்: இறுவட்டு இல்லாமலே மென்பொருள்களை இயக்க உதவும் ஃப்ரீ எம்சிபூட் பதிந்த நினைவட்டையை இயந்திரத்தில் செருகி, பயோஸை யுஎஸ்பி பென்டிரைவில் பிரதியெடுக்கும் சிறு மென்பொருளை இயக்கினால் போதும். கடைசியாக வெளிவந்த மெலிந்த ரக பிளேஸ்டேஷன் 2 இயந்திரங்களில் மட்டும் இந்த வழி பலிக்காது.

இறுவட்டைப் பிரதியெடுக்க, கணினியில் பொருத்தும் சாதாரண டிவிடி டிரைவ் போதும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் யுஎஸ்பி டிரைவ் ஒன்றைத் தேடிப் பாருங்கள். டிவிடியை ஐஎஸ்ஓ கோப்பாக (முழு இறுவட்டின் பிரதி) எடுத்து, பின்னர் சிஎச்டி என்ற சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் தரவு எதுவும் இழக்கப்படாமலே அளவு குறையும். நீல அடிப்பாகம் கொண்டவை சிடிக்கள். அவற்றை bin, cue என்ற இரட்டைக் கோப்புகளாக எடுக்க வேண்டும். நடைபாதையில் வாங்கிய நகல் இறுவட்டு உங்களுடைய அசல் பிரதி ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டுகள் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், அவற்றை ஆக்கியவர்களின் உரிமையையும் மதிப்பதே முறை.

கேள்வி: ஸ்டீம் டெக்கில் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகள் ஓடுமா?
— மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: இலகுவானவை ஓடும், கனமானவற்றை எதிர்பார்த்துப் பணம் செலவழிக்காதீர்கள். 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இன் செல் செயலியில் ஒரு பிரதான கருவும் (core, கணிப்பைச் செய்யும் பகுதி), விளையாட்டுகளுக்கெனத் திறந்துவிடப்பட்ட ஆறு துணைக் கருக்களும் இருந்தன. அத்தனையின் கட்டளைகளையும் ஸ்டீம் டெக்கின் நான்கே கருக்கள் கொண்ட செயலி மொழிபெயர்க்க வேண்டியிருப்பதுதான் சிக்கல். பிளேஸ்டேஷன் 3க்கான ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டர் ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதியால் நல்ல பயன் பெறுகிறது. ஸ்டீம் டெக்கின் ஸென் 2 செயலியில் அது இல்லை, எட்டுக் கருக்கள் கொண்ட ரைசன் இஸட்1 எக்ஸ்ட்ரீம் என்ற செயலியில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3தான் உங்கள் நோக்கம் என்றால், பின்னைய செயலி கொண்ட கருவியைத் தெரிவு செய்யுங்கள். இதற்குத் தேவையான ஃபர்ம்வெயரை (கொன்சோலின் உள் மென்பொருளை) சோனியே தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தருகிறது.

கேள்வி: எமுலேட்டரைப் புதுப்பித்த பின் சேமித்து வைத்த ஆட்டம் திறக்கவில்லை. என்ன செய்வது?
— வாசகி, வத்தளை

பதில்: நீங்கள் பயன்படுத்தியது எமுலேட்டரின் உடனடிச் சேமிப்பாக இருக்க வேண்டும். அது அந்தக் கணத்தின் முழு நினைவகத்தையும் அப்படியே பதிவு செய்வதால், எமுலேட்டரின் பதிப்பு மாறும்போது பயனற்றுப் போகக்கூடும். பழைய பதிப்பை மீண்டும் நிறுவி, அந்தச் சேமிப்பைத் திறந்து, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் சேமிப்பு வசதியால் நினைவட்டையில் பதியுங்கள். அதன் பிறகு புதிய பதிப்புக்கு மாறினாலும், நினைவட்டைக் கோப்பை அது வாசித்துக்கொள்ளும்.