மறைக்கல்வி நூலை வகுப்பில் வாசிக்கலாமா?

கேள்வி: எங்கள் பங்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூலிலிருந்து வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். போன வாரம் ஒரு பையன் மரண தண்டனை சரியா என்று கேட்டான். என் நூலில் ஒன்று இருக்கிறது, அவன் அண்ணன் செல்போனில் பார்த்துச் சொன்னது வேறாக இருக்கிறது. எது சரி?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, அண்ணன் சொன்னதுதான் இன்றைய போதனை. நூலின் 2267-ஆம் பத்தியைப் பாருங்கள். மக்களைக் காக்க வேறு வழியே இல்லையென்றால் மரண தண்டனையை விலக்குவதில்லை, ஆனால் அப்படியொரு நிலை இன்று அநேகமாக இல்லை என்றது 1997-ல் வந்த திருத்திய பதிப்பு. 2018-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பத்தியையே மாற்றினார். மரண தண்டனை மனித மாண்பைத் தாக்குகிறது, அதனால் ஏற்க முடியாதது என்கிறது புதிய பத்தி. உங்கள் கையில் இருப்பது அதற்கு முன் அச்சானதாக இருக்கும்.

நூல் உருவான கதை தெரிந்தால் கொட்டாவிக்கும் காரணம் புரியும். 1985-ல் ரோமில் கூடிய ஆயர் (பிஷப்) மன்றம்தான் இப்படியொரு தொகுப்பைக் கேட்டது. மறு ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) தலைமையில் பன்னிரண்டு பேர் குழுவை அமைத்தார். ஒன்பது வரைவுகள் எழுதினார்கள். ஒரு வரைவு உலகெங்கும் உள்ள ஆயர்களுக்குப் போனது. 24,000-க்கு மேல் திருத்தங்கள் வந்து குவிந்தன! விவிலியம், ஆயர்கள் கூடிய பொதுச்சங்கங்கள், தொடக்ககாலத் திருச்சபைத் தந்தையரின் எழுத்துகள், வழிபாடு என்று எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக் கோர்த்த 2,865 எண்ணிட்ட பத்திகளோடு 1992-ல் நூல் வந்தது. இவ்வளவு உழைப்பும் முதலில் ஆயர்களை மனத்தில் வைத்துத்தான். அவர்கள் வழியாக உங்களைப் போன்ற மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு. வயதுக்கும் ஊருக்கும் ஏற்ற விளக்கத்தை அந்தந்த இடத்தில் கற்பிப்பவர்கள்தான் தர வேண்டும் என்று நூலின் முன்னுரையே சொல்கிறது. ஆகவே பிள்ளைகள் தூங்கினால் அவர்கள்மேல் தப்பே இல்லை.

சனிக்கிழமை இரவு நீங்கள் மட்டும் படியுங்கள். நம்பிக்கை அறிக்கை, அருளடையாளங்கள், பத்துக் கட்டளைகள், செபம் என நான்கு பாகங்கள். பாடத்துக்குரிய பத்திகளைப் படித்துவிட்டு, ஓரத்திலுள்ள எண்களைப் பிடித்துக்கொண்டு போனால் அதே விஷயம் வேறெங்கே வருகிறது என்று தெரியும். அடிக்குறிப்பில் உள்ள விவிலிய வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் திறக்க வேண்டியது அதைத்தான். ஒவ்வொரு பகுதி முடிவிலும் உள்ள சுருக்க வாக்கியங்களில் ஒன்றை மனப்பாடத்துக்குக் கொடுக்கலாம். கேள்வி-பதிலாக வேண்டுமென்றால் 2005-ல் வந்த சுருக்கநூலில் 598 கேள்விகள் இருக்கின்றன. அதையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பையன். அவன் கேள்வியை அப்படியே விட்டுவிடாதீர்கள். வரும் ஞாயிறு 2267-இன் இரண்டு வடிவத்தையும் கரும்பலகையில் எழுதி, எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.