ருமேனிய லிச்செயுக்களின் (உயர்நிலைப் பள்ளிகளின்) பெயரும் வரலாறும்: கேள்வி பதில்

கேள்வி: சான்றிதழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன். 1978-இல் 'நிக்கொலாயே பல்ச்செஸ்கு லிச்செயு'வில் முடித்தவருடையது வந்திருக்கிறது. இன்று அது எந்தப் பள்ளி?

பதில்: முதலில் ஊரைப் பாருங்கள். புக்கரெஸ்ட் என்றால் இன்றைய புனித சாவா. கிரயோவா என்றால் முதலாம் கரோல். ப்ரயிலா என்றால் இன்றும் பல்ச்செஸ்குவேதான். புனிதர் பெயரும் அரசர் பெயரும் கம்யூனிச அரசுக்கு ஆகவில்லை. 1848 புரட்சியாளர் பல்ச்செஸ்கு பெயரை இரண்டு இடத்திலும் வைத்தார்கள். 1989-க்குப் பின் பழைய பெயர்கள் திரும்பின. மொழிபெயர்ப்பில் தாளில் உள்ள பெயரை அப்படியே எழுதி, இன்றைய பெயரை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேருங்கள். மாற்றி எழுதினால் பதிவேட்டோடு ஒத்துப்போகாது. எது எதன் வாரிசு என்பதை மாவட்டப் பள்ளி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யலாம்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் வேண்டும். 'தர்கு முரேஷ்' என்ற ஊர்ப்பெயரில் 'த'வுக்கு அடுத்த உயிரெழுத்து 1993 வரை தொப்பி போட்ட 'ஐ'. அதன்பின் தொப்பி போட்ட 'ஏ'. இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

கேள்வி: 'கொலேஜியு நாசியொனால்' என்றால் கல்லூரிப் பட்டமா?

பதில்: இல்லை. 9 முதல் 12 வரை உள்ள பள்ளிதான். 1990-களில் பெயர்பெற்ற லிச்செயுக்களுக்குத் தரப்பட்ட சிறப்புப் பெயர் அது.

கேள்வி: 'ஜிம்னாசியு' உயர்நிலையா?

பதில்: இன்று 5 முதல் 8 வரை. ஜெர்மன் 'கிம்னாசியம்' வேறு. ஒலி ஒன்று என்று ஏமாறாதீர்கள்.

கேள்வி: 'க்ருப் ஷ்கொலார் இந்துஸ்திரியால்' (தொழிற்பள்ளித் தொகுதி) தேடினால் கிடைக்கவில்லை.

பதில்: 2011 கல்விச் சட்டத்தோடு அந்த வகையே போய்விட்டது. பெரும்பாலும் 'லிச்செயு தெக்னொலோஜிக்' அல்லது 'கொலேஜியு தெக்னிக்' ஆகியிருக்கும். ஊரோடு சேர்த்துத் தேடுங்கள்.

கேள்வி: புனித சாவா 1818-இல் தொடங்கியது என்கிறார்கள். வலாக்கியாவின் (இன்றைய தெற்கு ருமேனியா) ஆட்சியாளர் ப்ரன்கொவியானு புனித சாவா மடத்தில் அமைத்த 1694 அக்காதெமிதானே அது?

பதில்: நான் 1818 பக்கம். 1694 அக்காதெமி கிரேக்க மொழியில் நடந்தது. 1818-இல் டிரான்சில்வேனியாவின் அவ்ரிக் ஊர்க்காரர் கெயோர்கே லசர் அதே மடத்தில் ருமேனிய மொழியில் கணக்கும் நில அளவையும் கற்பித்தார். இடம் ஒன்றுதான், பயிற்றுமொழி மாறினால் பள்ளியும் வேறு. லசருக்குப் பின் அவர் மாணவர் ஹெலியாதெ ரதுலெஸ்கு தொடர்ந்து நடத்தினார்.

கேள்வி: ருமேனிய மொழிதான் அளவுகோல் என்றால், ப்ளாஜ் பள்ளிகள் 1754-லேயே திறந்தனவே!

பதில்: நியாயமான அடி. ஆனால் அது ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்த டிரான்சில்வேனியா. நான் சொன்னது வலாக்கியாவுக்கு. 'ருமேனியாவின் முதல் பள்ளி' என்று எழுதுகிறவர்கள் எந்த எல்லைக்குள் என்று சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் 1694-ஐத் தன் தொடக்கமாகச் சொல்ல புக்கரெஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு என்ன உரிமை?

பதில்: 1864-இல் அமைந்த புக்கரெஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தது மடம் இருந்த இடத்தில். எதிர்ச் சதுக்கத்தில் லசர் சிலையும் நிற்கிறது. இடத்தால் 1694-ஐச் சொல்லிக்கொள்ளலாம், அறுபடாத தொடர்ச்சி என்று சொல்லக்கூடாது.

கேள்வி: 'கொலேஜியு' முடித்தால் பட்டதாரியா?

பதில்: இல்லை. மேலே இருக்கிறது.

கேள்வி: கவிஞர் மிகாய் எமினெஸ்கு பெயரிலான பள்ளி எங்கே இருக்கிறது?

பதில்: புக்கரெஸ்ட், யாஷ், கொன்ஸ்தான்த்சா, ஒராதேயா, சாத்து மாரே, பாயா மாரே... ஊர் எது என்று எழுதுங்கள்.