திறந்த சிவப்பு ஒயினை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

மூன்று, நான்கு நாள். அதுவும் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால்தான். சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாதென்று பலரும் மேசையிலேயே விட்டுவிடுகிறார்கள், தவறு அங்கேதான். ஆக்சிஜன் முதலில் பழ மணத்தை மங்கச் செய்யும், பிறகு அசிட்டிக் பாக்டீரியா ஆல்கஹாலை வினிகராக்கத் தொடங்கும். குளிரில் இரண்டுமே மெதுவாகும். பாட்டிலில் பாதிதான் மிச்சமென்றால், சுத்தமான சிறிய பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடுங்கள், காற்றுக்கு இடமே இருக்காது. நான் எப்போதும் செய்வது இதுதான். திறந்ததை நிமிர்த்தியே வையுங்கள் (படுக்கவைப்பது திறக்காத பாட்டிலுக்கு, கார்க் காயாமலிருக்க). பரிமாறுவதற்குச் சற்று முன்பே வெளியே எடுங்கள். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட்டின் சங்கதி வேறு. திராட்சைச் சாராயம் சேர்ப்பதால் ஆல்கஹால் 20 சதவீதம் அளவில் இருக்கும். அதில் மரப்பீப்பாயில் முதிரவைத்த டானி வகை சில வாரங்கள்கூடத் தாங்கும்.