ஸ்பானிய மொழி படிக்க 'சீட்' காசு கட்டலாமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரம் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. இப்போது நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை. சீசனில் வரும் ஸ்பெயின்காரரோடு நாலு வார்த்தை பேசிப் பழகி, அந்த மொழியையே படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். டவுனில் ஓர் ஏஜென்சிக்காரர், அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் 'ஸ்பானிய மொழியும் பண்பாடும்' படிக்க இடம் எடுத்துத் தருவதாகக் கடிதம் காட்டியிருக்கிறார். இடத்தைப் பிடித்துவைக்க நாலரை இலட்சம், வெள்ளிக்கிழமைக்குள். "நாங்கள் சைவர்கள், மதம் மாற்றிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. காசைக் கட்டலாமா?" என்று கேட்கிறார்.

கட்ட வேண்டாம், அம்மா. இந்த வெள்ளிக்கிழமையும் வேண்டாம், அடுத்த வெள்ளிக்கிழமையும் வேண்டாம்.

கல்லூரி கூடாது என்று நான் சொல்லவில்லை. அது நல்ல கல்லூரியாகவே இருக்கலாம். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கி வரி வரியாக வாசித்தேன். இரண்டு பக்கத்திலும் 'பட்டம்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. 'மொழி, பண்பாடு, இரண்டு தவணை' என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தின் அடியில், கையொப்பத்துக்கு மேலே, பொடி எழுத்தில் 'நிறைவுச் சான்றிதழ்' என்று போட்டிருக்கிறார்கள். ஏஜென்சிக்காரர் வாயால் சொல்வது டிகிரி, கடிதம் சொல்வது சான்றிதழ். அவர் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நாளைக்கு உங்கள் மகள் கையில் இருக்கப்போவது அந்தக் கடதாசிதான்.

'மொழியும் பண்பாடும்' என்ற பெயரிலேயே கொஞ்சம் கவனம் வேண்டும். ஸ்பெயினில் பல பல்கலைக்கழகங்கள் இதே பெயரில் வெளிநாட்டவருக்கு வகுப்பு வைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பல்கலைக்கழகம் தன் பெயரில் தரும் சான்றிதழ்கள், அரசாங்கப் பதிவேட்டில் உள்ள பட்டங்கள் அல்ல. அங்கே பட்டம் என்றால் வழக்கமாக 4 ஆண்டு, 240 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி, நாட்டுக்கு நாடு கணக்கு வேறு). அமெரிக்காவில் இளங்கலை என்றால் சுமார் 120 கிரெடிட், அதுவும் 4 ஆண்டுதான். இரண்டு தவணையில் முடிகிற எதுவும் இரண்டு நாட்டிலும் இளங்கலைப் பட்டம் ஆகாது. மொழியை நன்றாகப் பிடிக்க அந்த வகுப்பு உதவும். ஆனால் பட்டத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த நாலரை இலட்சம். எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இது. அமெரிக்காவுக்கு மாணவர் விசா எடுக்க ஐ-20 என்று ஒரு படிவம் வேண்டும். அதைக் கொடுக்க முடிந்தது அந்நாட்டு அரசு அனுமதித்த கல்லூரிக்கு மட்டும். ஏஜென்சி கொடுக்க முடியாது, விற்கவும் முடியாது. அதன் பிறகு வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு செவிஸ் என்று ஒரு கட்டணம், 350 டொலர். அதை அமெரிக்க அரசின் இணையப் பக்கத்தில் நீங்களே கட்டிப் பற்றுச்சீட்டு எடுக்கலாம். விசா விண்ணப்பக் கட்டணம் வேறு. சில கல்லூரிகள் இடத்தை உறுதிப்படுத்த முற்பணம் கேட்பது உண்மைதான். கேட்டால் கல்லூரியின் கணக்குக்கே போக வேண்டும், பற்றுச்சீட்டும் கல்லூரியின் பெயரில் வர வேண்டும். உங்களிடம் தந்த கணக்கு இலக்கம் உள்ளூர் வங்கியில் ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கிறது. இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பிள்ளையின் அப்பா, வள்ளத்தை அடகு வைத்து இப்படித்தான் ஒருவரிடம் காசு கொடுத்தார். கடிதம் வந்தது. ஐ-20 வரவேயில்லை. கேட்டபோதெல்லாம் "கொழும்பில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார்கள். கடைசியில் கல்லூரிக்கு நாங்களே மின்னஞ்சல் போட்டோம். அந்தப் பிள்ளையின் பெயரில் விண்ணப்பமே வரவில்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. புகார் செய்ய அலைந்தோம். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும், அங்கே போய் நிற்கலாம். படிப்புக்கு ஆள் சேர்க்கிறவரைப் பற்றி எங்கே சொல்வது என்று கேட்டால், ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை என்று ஒன்று இருக்கிறது, உயர்தரம் முடித்து வெளியே வந்த பிள்ளைக்கு அதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்த ஏஜென்சிகள் பலகை மாட்டுகின்றன.

சரி, 'கிறிஸ்தவக் கல்லூரி' என்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், இங்கேதான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லூரி சட்டப்படி நடப்பது வேறு, அது தரும் பட்டம் செல்லுபடியாவது வேறு. சில மாநிலங்களில் மத நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. போதகர் பயிற்சி, வேதாகமப் படிப்பு போன்றவற்றுக்கு அவை வழக்கமான அங்கீகாரம் இல்லாமலே பட்டம் கொடுக்கலாம். அது மோசடி அல்ல. ஒரு சபை தன் போதகரைத் தானே பயிற்றுவிக்கிறது. ஆனால் அந்த விலக்கைக் காட்டிக்கொண்டு 'அரச அனுமதி பெற்ற கல்லூரி' என்று சொல்லி ஸ்பானியமும் வணிகமும் படிக்க ஆள் சேர்த்தால், அந்தக் கடதாசியை வெளியே யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, கிறிஸ்தவக் கல்லூரி என்றாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கென்றே உள்ள தர அங்கீகார அமைப்புகள் சிலவற்றை அமெரிக்கக் கல்வித் திணைக்களம் ஏற்றிருக்கிறது. பழைய பெரிய கல்லூரிகள் பலவும் பொதுவான அங்கீகாரமே பெற்றவை. ஜேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவிகள் அமெரிக்காவில் நடத்தும் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்கு ஸ்பெயினின் மாட்ரிட் நகரிலேயே ஒரு வளாகம் இருக்கிறது. பில்பாவோ நகரில் தேயுஸ்தோ பல்கலைக்கழகம் 1886 முதல் அவர்களுடையது. அந்தச் சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரும் அவருடைய தோழர் சவேரியாரும் ஸ்பெயின் மண்ணில் பிறந்தவர்கள் என்பதைத் திருமலையில் சென்ட் ஜோசப்ஸ் பக்கம் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆகவே பெயரை வைத்து முடிவெடுக்காமல், அமெரிக்கக் கல்வித் திணைக்களத்தின் இணையப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைக்குத் திரும்பி அரச வேலைக்கோ மேற்படிப்புக்கோ போவதென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது வேறு: சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் பட்டியலிலோ அந்தப் பெயர் இருக்க வேண்டும். எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் சுணங்கும், அதற்காகத்தான் வெள்ளிக்கிழமைக் கதைக்கு மயங்காதீர்கள் என்கிறேன்.

மதம் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அதற்கு நேரான பதில் இருக்கிறது. சில கல்லூரிகள் சேரும்போதே, கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்கிறேன் என்ற விசுவாச அறிக்கையில் கையொப்பம் கேட்கும். சைவப் பிள்ளை அங்கே போகத் தேவையில்லை. சில கல்லூரிகள் கிழமையில் சில நாள் சிற்றாலய வழிபாட்டில் வந்து இருந்தால் போதும் என்று சொல்லும். கத்தோலிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலும் எல்லா மதத்தாரும் படிக்கிறார்கள். எந்த வகை என்று மாணவர் கைநூலில் எழுதியிருக்கும். மகளோடு உட்கார்ந்து அதை வாசியுங்கள். நம் ஊரில் எத்தனை சைவப் பிள்ளைகள் மிஷன் பாடசாலைகளில் படித்துவிட்டு மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

செலவையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தனியார் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 30,000 டொலரைத் தாண்டுவது சாதாரணம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 90 இலட்சம், சாப்பாடும் தங்குமிடமும் தனி. முதல் ஆண்டுக் காசு இருப்பதை வங்கிக் கணக்கில் காட்டினால்தான் ஐ-20 வரும். பிறகு இரவு ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போய், தூதரகத்தில் சில நிமிட நேர்முகம். "ஸ்பானியம் படிக்க ஏன் அமெரிக்கா?" என்று கேட்டால் உங்கள் மகளிடம் சொந்தப் பதில் இருக்க வேண்டும். ஏஜென்சி மனப்பாடம் செய்து தருவதை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் பிள்ளையின் ஆசையை நான் மதிக்கிறேன், அம்மா. ஸ்பானியம் 20 நாடுகளின் அரச மொழி, தமிழ்ப் பிள்ளைக்கு எட்டாத மொழியும் அல்ல. 'மே குஸ்தா எல் தே' என்றால் 'எனக்குத் தேத்தண்ணி பிடிக்கும்'. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கிப் பழகியவர் இதில் முட்டிக்கொள்வார். 'எனக்கு' என்று தொடங்குவது நமக்கு வாயில் இருக்கிற வழக்கம். 'ஆப்லோ' என்றால் 'பேசுகிறேன்', 'ஆப்லாஸ்' என்றால் 'பேசுகிறாய்'. 'நான், நீ' சொல்லத் தேவையில்லை, வினையின் வாலே சொல்லிவிடும். ஹோட்டல் மேசையிலிருந்து ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் ஆள் வந்து நிற்கும்போது தயங்காமல் பேசலாம்.

அப்புறம், உலகம் ஏற்கிற சான்றிதழ் வேண்டுமென்றால் டெலே பரீட்சை இருக்கிறது. ஸ்பெயின் கல்வி அமைச்சின் பெயரில் செர்வாந்தேஸ் நிறுவனம் தருவது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படி. ஒருமுறை சித்தியடைந்தால் காலாவதி ஆகாது. சியெலே என்று கணினியில் எழுதும் இன்னொன்று உண்டு, அது 5 ஆண்டு செல்லும். செர்வாந்தேஸ் நிறுவனத்தின் மையம் ஒன்று புதுடில்லியில் இருக்கிறது. பட்டமே வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் டில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிய இளங்கலை இருக்கிறது. இலங்கை மாணவருக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு. விபரத்தை இந்திய உயர்ஸ்தானிகராலயத்திடம் நேரே கேளுங்கள், இடையில் யாரும் வேண்டாம். சுற்றுலா வழிகாட்டி ஆகும் எண்ணம் இருந்தால் மொழி மட்டும் போதாது, சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் உரிமம் தனியாக எடுக்க வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது ஒன்றுதான். ஏஜென்சி தந்த மின்னஞ்சலை விட்டுவிட்டு, கல்லூரியின் சொந்த இணையத்தளத்தில் சேர்க்கைப் பிரிவின் முகவரியை எடுங்கள். மகளின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்: என் பெயரில் விண்ணப்பம் இருக்கிறதா, முடிவில் கிடைப்பது பட்டமா சான்றிதழா, இந்த ஏஜென்சி உங்கள் பிரதிநிதியா, நான் இப்போது யாருக்காவது காசு கட்ட வேண்டுமா. கடிதத்தின் படத்தையும் கூட வையுங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன். அதுவரை ஏஜென்சிக்காரர் எத்தனை தரம் எடுத்தாலும், "கல்லூரியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள்.