கண்ணாடிக் கடையில் யார் எதைச் செய்யலாம்? – கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: தொடக்கநிலை 1இல் சேரவிருக்கும் என் 6 வயது மகளுக்குப் பவர் பார்க்க, எங்கள் வழக்கமான கடைக்காரர் மறுத்துவிட்டார். முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர். தட்டிக்கழிக்கிறாரா?

இல்லை ஐயா, முறையாகத்தான் நடந்திருக்கிறார். சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், கண்ணைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடி பொருத்தித் தரும் ஆப்டிசியன் என இரு பிரிவினரைப் பதிவு செய்கிறது. ஆப்டிசியன்களில் சிலர் கண்ணாடி பொருத்தித் தர மட்டுமே அனுமதி பெற்றவர்கள்; மற்றவர்கள் பவரும் பார்க்கலாம், ஆனால் 8 வயது நிறையாத குழந்தைக்குப் பார்க்கக் கூடாது. அக்குழந்தைகள் ஆப்டோமெட்ரிஸ்டிடமோ கண் மருத்துவரிடமோ செல்ல வேண்டும்.

காரணம் இருக்கிறது. சிறு வயதில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை மிக எளிதாக வளைந்துகொடுப்பதால், குழந்தை உற்றுப் பார்க்கும்போது இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோல் கருவி காட்டிவிடும். உண்மையான தூரப்பார்வைக் குறை மறைந்தும் போகும். அதைவிடக் கவலைக்குரியது, ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் போகும் சோம்பல் கண். ஒரு கண் நன்றாக இருந்தால் குழந்தை எந்தக் குறையும் சொல்லாது. உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரலிடுக்கு வழியாகப் பார்த்து எழுத்துகளை ஒப்பித்துவிடும். நாம் அட்டையால் மூடிய பிறகுதான் மற்றக் கண் தடுமாறுவது தெரியும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து நேற்று வந்த பிள்ளைக்கு உள்ள உரிமை, பழுத்த கைக்கு இல்லையா?

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸ் பொருத்த நான் அந்தப் பழுத்த கையைத்தான் தேடுவேன். கருவிழிக்கு நேராகப் பேனாவால் இடும் புள்ளி சற்று விலகினாலும், அணிபவர் படியிறங்கத் தடுமாறுவார். ஆனால் பொருத்தும் திறன் வேறு, குழந்தையின் கண்ணைச் சோதிக்கும் பயிற்சி வேறு.

உட்லண்ட்ஸ் வாசகர், மீண்டும்: அப்படியானால் பெரியவர்களுக்கு மட்டும் ஏன் அனுமதி?

பெரியவர் ‘இது மங்கல், அது தெளிவு’ என்று சொல்வார். 6 வயதுக் குழந்தை நம்மை மகிழ்விக்கும் பதிலைச் சொல்லும். மூன்றாம் முறையும் இதையே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். என் பதில் மாறவில்லை.

மூவர் கேட்டது: இணையத்தில் தெரிந்தவர் விற்கும், பவர் இல்லாத வண்ணக் கான்டாக்ட் லென்ஸ் வாங்கலாமா?

வாங்காதீர்கள். பவர் இல்லாவிட்டாலும் அது கருவிழிமீது அமரும் பொருள். அதற்குரிய பதிவு பெற்றவர் கண்ணை அளந்து பொருத்தித் தர வேண்டியது. 2006 வாக்கில், மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களிடையே பரவிய ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று இங்கே 60க்கும் மேற்பட்டோரின் கருவிழியைத் தாக்கியது. லென்ஸைக் கழுவும் திரவம், பெட்டி, தூங்கும்போது கழற்றுவது ஆகியவற்றைச் சொல்லித்தர ஆளில்லாமல் லென்ஸ் வாங்குவது மூடத்தனம்.

தேக்கா வாசகர்: கம்பியில் தொங்கும் வாசிப்புக் கண்ணாடியை யாரும் விற்கலாமா? மருத்துவருக்கும் இந்தப் பதிவு வேண்டுமா?

பதிவு பெற்ற மருத்துவருக்கு இது வேண்டியதில்லை. அவர் தம் சட்டத்தின்கீழ் இயங்குகிறார். தொழிற்கல்லூரிகளின் கண் பரிசோதனை நிலையங்களில் மாணவர்கள் மேற்பார்வையில் பார்ப்பதும் நடைமுறைதான். தொங்கும் கண்ணாடியை வாங்கிக்கொள்ளலாம். இரு கண்ணுக்கும் ஒரே பவர், சிதறல் பார்வைக்கு (அஸ்டிக்மாட்டிசம்) திருத்தம் கிடையாது. அது தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கண் அழுத்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

தெம்பனிஸ் வாசகர்: ஜொகூரில் செய்த கண்ணாடியை இங்கே அணிந்தால் குற்றமா?

இல்லை. இச்சட்டம் இங்கே தொழில் செய்பவருக்கானது.

பொங்கோல் வாசகர்: பள்ளிக் கண் பரிசோதனைக்குப் பிறகு மேல்சோதனைக்குக் கடிதம் வந்துள்ளது. கடையிலேயே முடித்துக்கொள்ளலாமா?

கடிதத்தில் உள்ள இடத்துக்கே செல்லுங்கள்.

ஜூரோங் வாசகர்: லென்ஸ் அணிந்த கண் இரண்டு நாளாகச் சிவந்து வலிக்கிறது. எந்தக் கடைக்குப் போகலாம்?

கடைக்கு அல்ல அம்மா, இன்றே மருத்துவரிடம். லென்ஸைக் கழற்றிவிட்டு, பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.

பிடோக் வாசகர்: ஆப்டிசியனா, ஆப்டோமெட்ரிஸ்டா என்று எப்படி அறிவது?

அவரிடமே கேளுங்கள். இவர்களைப் பதிவு செய்யும் வாரியத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடியும் பார்க்கலாம். கடையின் பலகையையோ வெள்ளை மேலங்கியையோ நம்ப வேண்டாம்; சட்டம் பதிவு செய்வது ஆளை.

செங்காங் வாசகர்: வண்ண லென்ஸ், பவர் இல்லாதது, இணையத்தில்…

மேலே படியுங்கள்.