ஒரு கை உப்பு

அன்புள்ள ஐயா,

சென்னையில் இருபது வருடம் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு, போன வருடம் நானும் மனைவியும் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் வீடு வாங்கிக் குடிவந்தோம். ஊரோடு ஒட்ட வேண்டும் என்று மாலையில் பிள்ளைகளுக்கு இலவச ஆங்கில வகுப்பு ஆரம்பித்தேன். முதல் வாரம் முப்பது பேர் வந்தார்கள். இப்போது நாலு பேர். பெற்றோருக்கு அக்கறை இல்லை. மே மாதம் சென்னை நண்பர்களை வரவழைத்துக் குளத்தில் பிளாஸ்டிக் பொறுக்கினோம், ஆகாயத்தாமரையை அகற்றினோம். ஊர்க்காரர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சுற்றுச்சூழல் பற்றி ஒரு விழிப்புணர்வும் இல்லை. என் மனைவி பக்கத்து வீட்டில் பீடி சுற்றும் அக்காக்களோடு பேசிப் பொழுதைக் கழிக்கிறாள். எனக்கோ இன்னும் ஒரு வீட்டு வாசல்படி தாண்ட முடியவில்லை. வகுப்பைத் தொடரவா, விட்டுவிடவா? நெல்லைத் தமிழ் பேசிப் பழகினால் நெருக்கம் வருமா? பாம்பு வேறு நிறைய வருகிறது. (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

பாம்பை முதலில் முடித்துவிடுவோம். விறகையும் செங்கல்லையும் வீட்டை ஒட்டி அடுக்காதீர்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டிக்கொண்டும் மந்திரித்துக்கொண்டும் இருக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நெல்லைத் தமிழ் வேண்டாம். நீங்கள் ‘என்ன வே’ என்று ஆரம்பித்தால் டீக்கடையில் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். ‘அண்ணாச்சி’ போதும், அதுவும் தானாக வாயில் வரும்போது.

2023 வெள்ளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். அந்த டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுற்றிலும் வெள்ளம், ரயிலில் சுமார் 800 பேர். வெளியிலிருந்து உதவி வந்து சேருமுன் பக்கத்து மேலப்புதுக்குடிக்காரர்கள் கோயிலில் சமைத்துப் பயணிகளுக்குச் சோறு போட்டார்கள். வெள்ளம் அவர்கள் ஊரையும் விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கு யாரும் டீ-ஷர்ட் அடித்துக் கொடுக்கவில்லை.

விழிப்புணர்வு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் போய்வாருங்கள். அரசாங்கம் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. வீட்டு முற்றத்து மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியிருக்கிறது, குஞ்சு மிரளும் என்பதற்காக. எந்தச் சென்னைக்காரரும் போய் வகுப்பெடுக்கவில்லை.

சரி, உங்கள் குளம். அமலையை, அதாவது உங்கள் ஆகாயத்தாமரையை, அள்ளும் முன்னால் மீன்பாசி குத்தகை, குளத்து மீனைப் பிடிக்கிற உரிமை, யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தீர்களா? மடையைத் திறந்து அடைக்கிற ஆளைப் பார்த்தீர்களா? அள்ளியதைக் கரையில் எங்கே போட்டீர்கள்? ஜூன் ஒன்றாம் தேதி வாக்கில் பாபநாசம் அணை திறந்து கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். அதற்கு முன்னே, மிஞ்சிய தண்ணீர் வழிந்து போகிற மறுகால் பக்கம் குப்பை குவிந்து கிடந்தால் குளத்தை நம்பி இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? கரையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள் என்று சும்மா நின்றிருப்பார்கள். நாலு நாள் கழித்து அவர்களே வந்து அந்தக் குவியலை அப்புறப்படுத்தியிருந்தால்கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. அவள் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு மாற்றலாகி முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். அம்மாவுக்குக் கை தாராளம். தைப்பொங்கலுக்குத் தெருவெல்லாம் பொங்கல் போகும், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி போகும். ஆனால் யாரிடமும் ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்காமல் குடும்பம் நடத்துவதில் அவளுக்கு அத்தனை பெருமை. ஒருநாள் அடிபம்பில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆச்சி நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏட்டி, வந்து இத்தன மாசமாச்சே, ஒரு நாளாவது எங்க வீட்ல ஒரு கை உப்பு கேட்டிருக்கியா? எங்க வீட்டுது ஒனக்கு ஆகாதோ?”

அந்த ‘ஆகாதோ’வில் இந்தச் சீமையின் முழுக் கதையும் இருக்கிறது. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதை இங்கே யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. பண்ணையாரும்தான் கொடுத்தார், களத்தில் நின்று அள்ளி அள்ளிக் கொடுத்தார். யார் வீட்டுத் தண்ணீரை யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்பதைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துவந்திருக்கிறார்கள். வாங்காமல் கொடுக்கிறவன் மேலே நிற்கிறவன். நீங்கள் அப்படி நினைக்கவில்லை, தெரியும். அம்மாவும் நினைக்கவில்லை. ஆச்சிக்கு அப்படித்தான் பட்டது.

மறுநாள் சாயங்காலம் உறைமோர் வாங்கிவர அம்மா என்னை அனுப்பினாள். வீட்டில் மோர் இருந்தது! ஆச்சி கொடுத்தது ஒரு சின்ன எவர்சில்வர் ஏனம், தாத்தாவின் பெயர் வெட்டியது. வெறும் ஏனத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா அதில் இரண்டு வடாம் வைத்தாள். அது திரும்பி வந்தபோது உள்ளே மிளகாய் வத்தல். அதற்கப்புறம் அந்த ஏனம் எந்த வீட்டுது என்பதே மறந்துபோகும் அளவுக்கு இரண்டு வீட்டுக்கும் நடந்தது. ஆச்சி செத்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, அழுது அரற்றிக்கொண்டு முன்னால் போனவள் என் அம்மா. யாரும் அவளை ‘சார் வீட்டம்மா’ என்று நிறுத்தவில்லை.

ஆகவே ஐயா, நீங்கள் செய்கிற சேவையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். கேளுங்கள். ஏணி கேளுங்கள், மண்வெட்டி கேளுங்கள், கருவேப்பிலை கேளுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு ஏணி இருந்தாலும் கேளுங்கள். காப்பி கொடுத்தால் ‘இப்பத்தான் சாப்பிட்டேன்’ என்று பட்டணத்து மரியாதை காட்டாமல் குடியுங்கள். எல்லாத் தெருவிலும் குடியுங்கள். ஒரு தெருவில் மட்டும் குடித்தால், அதையும் பார்ப்பார்கள்.

உங்கள் மனைவி பொழுதைக் கழிக்கிறாரா? உங்களுக்குக் கண் இல்லையா? மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டும் கை நிற்காது. ஆயிரம் சுற்றினால்தான் அன்றைக்குக் கணக்கு. அதிலும் கடையில் எத்தனையைக் கழிப்பார்களோ. அந்தத் திண்ணையில் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அவர் ஊருக்குள் போய்விட்டார். வாசல்படியில் நிற்பது நீங்கள் மட்டும்தான். வகுப்புக்குப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று எனக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில், ராத்திரி சாப்பிடும்போது அவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. மிச்சமிருக்கும் அந்த நாலு பிள்ளைகள் எந்தத் தெரு? நின்றுபோனவர்கள் எந்தத் தெரு? இந்த ஜில்லாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில்கூடச் சாதி ஏறியிருக்கிறது. நீங்கள் எல்லாரையும் ஒரே பாயில் உட்காரவைத்திருப்பீர்கள், நல்ல மனசில். அதைப் பார்த்துச் சிலர் பிள்ளைகளை நிறுத்தியிருக்கலாம். அப்படியென்றால் பாயை மாற்றாதீர்கள். நாலு பேர் ஒருவராகக் குறைந்தாலும் வகுப்பு நடக்கட்டும். ஊரோடு ஒட்டுவதற்காக அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். அப்படியில்லை, டியூஷன் நேரம் இடிக்கிறது என்றால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அது சின்ன விஷயம்.

எது என்று உங்கள் வீட்டிலேயே விசாரித்துவிட்டு, அந்த நாலு பிள்ளைகளின் வீட்டிலும் போய்க் காப்பி குடித்துவிட்டு, அப்புறம் எனக்கு எழுதுங்கள்.